தட்டக் கூடாத தகடு

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நான் லாரி பாடி கட்டுகிறவன், நாமக்கல்லில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், பேய் பிசாசு காத்து கருப்பு எதையும் நம்பினவன் இல்லை. அமாவாசைக்கு ஆட்கள் பட்டறை வாசலில் பூசணி உடைத்தால், எவனாவது வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வான், கூட்டித் தள்ளுங்கடா என்று கத்துகிறவன். இன்றைக்கும் பேய் உண்டா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில், என் மகளைக் கொல்லப் பார்த்த ஒன்றை நான் இந்தக் கையால் பிடித்து இழுத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் சேர்த்துப் பதினோரு தையல். நம்பாதவன் வந்து தழும்பை எண்ணிக்கொள்ளட்டும்.

என் மகள் பெயர் சுகன்யா. ஒரே பிள்ளை. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, சென்னைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் மேளம் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். மேளம் என்றால் ஒன்று இல்லை, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் எதையெல்லாம் தட்டுகிறார்களோ அதெல்லாம் அந்தப் படிப்பில் வரும், பெரிய டிரம், சின்ன டிரம், தட்டு தட்டாக ஜால்ரா, மணி.

"பொட்டப்புள்ள மோளம் அடிக்கறதுக்கா உன்ன இத்தன படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் காத்தாலருந்து என்ன பண்றீங்களாமா? தட்டிக்கிட்டேதான இருக்கறீங்க?" என்றாள்.

அறைந்துவிட்டேன். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குப் போனவள் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அவள் அம்மாவுக்கு மட்டும் போன் வரும், அவள் புழக்கடையில் நின்று பேசுவாள், நான் காதில் விழாத மாதிரி டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் போனுக்கே கூப்பிட்டாள்.

"ப்பா, நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"நாளைக்குக் காலைல சேலத்துல எங்க கச்சேரி. ஒரு இரும்புத் தகடு வேணும். ஆளு ஒசரம், மூணடி அகலம். எங்களுது நேத்து கோயமுத்தூர்ல கிழிஞ்சுபோச்சு."

"தகட்ட வெச்சு என்ன கச்சேரி?"

"அடிக்கறதுக்குத்தான்."

போன நூற்றாண்டில் ரஷ்யாவில் எழுதின இசையாம். பாதி பாலே, அதாவது ஆட்டத்துக்காக எழுதினது, ஆனால் ஆட்டக்காரர்கள் கிடையாது, வாத்தியம் மட்டும். மீதி சும்மா உட்கார்ந்து கேட்பதற்கு. கடைசி உருப்படியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையையே வாத்தியத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம், அதற்கு நிஜமான தகடு வேண்டுமாம். அடிக்கப் போவது இவள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை என்னிடம் ஒன்று கேட்கிறாள், நான் கொடுத்தாக வேண்டும்.

போனை வைக்காமல் பட்டறைக்குள் நடந்தேன். சுத்தியலால் ஒவ்வொரு தகடாகத் தட்டிக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அது டப்பா சத்தம்."

"இது?"

"இல்லப்பா. புதுசு எல்லாமே அப்படித்தான். அடி வாங்குன பழைய தகடு எதுவும் இல்லீங்களா?"

மூலையில் ஒரு கோழித்தீவன லாரி நின்றது. விபத்து வண்டி. பத்து நாளுக்கு முன்னால் போலீஸ் விட்டபின் கொண்டுவந்து தள்ளியிருந்தார்கள், இடது பக்கம் முழுக்க உள்வாங்கியிருந்தது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, என் வழக்கம் இல்லை, ஆட்களின் வழக்கம். உயிர் வாங்கின வண்டி வந்தால், சொந்தக்காரர் வந்து சேவல் அறுத்து, மோதின இடத்தில் ரத்தம் காட்டும்வரை அந்த இடத்தில் சுத்தியல் படக்கூடாது. ரத்தம் காட்டின பிறகும் அந்தத் துண்டை கேஸ் கட்டிங்கில் அறுத்துக் காயலான் கடைக்கு அனுப்புவார்களே தவிர, தட்டி நிமிர்த்த மாட்டார்கள். இந்த வண்டியின் சொந்தக்காரர் வரவே இல்லை, வேலையை ஆரம்பியுங்கள் என்று போனில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். செத்தது யார் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் எந்த வண்டிக்கும் கேட்டதில்லை. கேட்டால் வேலை ஓடாது.

அந்த இடது பக்கத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அதுதான்! ப்பா, அதேதான்!" என்று போனில் கத்தினாள். அவள் அப்படிச் சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்.

எனக்குப் பின்னால் ராசு கையில் இருந்ததைக் கீழே போட்டான். ராசு என்னிடம் இருபது வருஷமாக இருக்கிற டிங்கர், நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்துவதில் அவனைப் போல ஆள் கிடையாது.

"ஏனுங்ண்ணா, அதப் போயி தட்டிப்போட்டீங்களே."

"தட்டுனா என்னடா?"

"உசுரு வாங்குன தகட்டுல கடைசிச் சத்தம் குந்தியிருக்குமுங்ண்ணா. தட்டுனா எந்திரிச்சுக்கும்."

"எந்திரிச்சா ஒரு டீ வாங்கிக் குடு. போயி கட்டிங் செட்ட எடுத்துட்டு வா."

"நான் தொட மாட்டனுங்க. சம்பளத்தப் புடிச்சுக்கங்க."

நானே அறுத்தேன். நானே ஓரத்தைத் தேய்த்தேன், நாளைக் காலைக்குள் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் சரியாகத் தேய்க்கவில்லை. ஒடுக்கையெல்லாம் நிமிர்த்தவில்லை, அப்படியே இருக்கட்டும், அதில்தான் அந்தச் சத்தம் வருகிறது என்று அவள் சொல்லிவிட்டாள். தொங்கவிட இரண்டு துளை, இரண்டு சங்கிலி, நிறுத்துவதற்குக் கனமான பைப்பில் ஒரு ஃபிரேம். எல்லாம் என் கையால் வெல்டிங் வைத்தது.

காலை எட்டு மணிக்கு மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு சேலம் போனேன். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு அரங்கம். பின்வாசலில் கறுப்பு உடுப்பில் நின்றுகொண்டிருந்தாள். 

"எளச்சுப்போயிட்டீங்க ப்பா."

"நீதான் எளச்சுட்ட. அங்க சோறு போடறாங்களா, இல்ல மோளத்தையே திங்கறீங்களா?"

சிரித்தாள். தகட்டைப் பார்த்ததும் கோயிலில் சாமியைத் தொடுகிற மாதிரி தொட்டாள். "எந்த வண்டிதுப்பா?"

"ஏதோ பழைய வண்டிது சாமி."

பொய். இரண்டு வருஷம் கழித்து முகம் பார்த்த முதல் நாளே பொய்.

மேடையில் இடது ஓரச் சுவரை ஒட்டி ஃபிரேமை நிறுத்தினோம். குச்சி பிடித்து எல்லாரையும் வாசிக்க வைக்கிறவர் சென்னைக்காரர், ஒல்லியான வழுக்கைத் தலை மனிதர். தகட்டை ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டு, "சார், இதை எங்களுக்கே குடுத்துடுங்க. இந்த சவுண்டுக்காக ஊர் ஊரா தேடியிருக்கோம்" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நிமிஷம் என்னைவிடப் பெருமைப்பட்டவன் சேலத்திலேயே இல்லை.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். நான் இரண்டாவது வரிசையில், இடது ஓரத்தில். பிடில் வைத்து இழுப்பார்கள், தூக்கம் வரும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வந்தது அடிதடி. பாலே என்றால் பொம்மை மாதிரிப் பெண்கள் நுனிக்காலில் நடப்பது என்று எவன் சொன்னான்? ஒரு சந்தைத் தெருவில் இரண்டு கூட்டம் கத்தியை உருவிக்கொண்டு வெட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. நாற்பது பிடில் ஒரே நேரத்தில் அறுக்கிறது, பித்தளைக் குழல்கள் உறுமுகின்றன, நடுவே என் மகள் அந்தப் பெரிய டிரம்மை இடித்துத் தள்ளுகிறாள், நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்கிறது. அவர்கள் வாசிப்பது அழகாக இருக்க வேண்டும் என்று வாசிக்கவில்லை, யார் மேலேயோ கோபம் இருந்து வாசித்தார்கள். அடுத்த உருப்படிக்கு முன்னால் ஒரு பெண் மைக்கில் சொன்னாள், இதை எழுதின காலத்தில் அந்த ஊரில் ராத்திரி போலீஸ் வந்து கதவைத் தட்டுமாம், தட்டினால் அந்த ஆள் திரும்பி வருவது நிச்சயம் இல்லையாம். கேட்டதும் எனக்கு இந்த இசை பிடித்துவிட்டது. பயத்தையும் கோபத்தையும் மறைக்காமல் போட்டு அடித்திருக்கிறார்கள். இவள் எதற்காக வீட்டை விட்டுப் போனாள் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. அறைந்த கை கூசியது.

கடைசியாகத் தொழிற்சாலை. ஆரம்பமே என் பட்டறை மாதிரி, ஒரு பக்கம் அறுப்பு, ஒரு பக்கம் இடி, நிற்காத ஒரு சுழற்சி, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. சுகன்யா டிரம்மை விட்டுத் தகட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் துணி சுற்றின மரச்சுத்தி. குச்சிக்காரர் அவளைப் பார்த்துக் கை நீட்டினார்.

நாலு அடி. நாலும் அரங்கத்தை உலுக்கியது. அவள் சுத்தியைக் கீழே இறக்கினாள்.

தகடு நிற்கவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அதுவும் இசைதான் என்று தோன்றியிருக்கும். நான் தகட்டோடு முப்பது வருஷம் வாழ்ந்தவன், இரும்பு பட்டால் ஒரு சத்தம், மரம் பட்டால் ஒரு சத்தம், கல் பட்டால் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன். இது வெறுங்கை. விரலை விரித்த உள்ளங்கை. பின்பக்கத்திலிருந்து அடித்தது. பின்பக்கத்தில் யாரும் இல்லை, ஒரு முழம் தள்ளிச் சுவர்தான் இருந்தது. முதலில் வேகமாக அடித்தது, பிறகு நிறுத்தி, மறுபடி இன்னும் வேகமாக. யாரோ வெளியே விடச் சொல்லி அடிக்கிற மாதிரி.

சுகன்யா தகட்டைப் பிடித்து நிறுத்தப் போனாள். அது அவள் தோளில் மோதியது. அவள் பக்கவாட்டில் சுழன்று அதே சுவரில் போய் விழுந்தாள், ஜால்ரா ஸ்டாண்டு சரிந்து உருண்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் நம்புவதில்லை. அரை குவிண்டால் இருக்கிற அந்த ஃபிரேம், மேடைப் பலகையைக் கீறிக்கொண்டு, சுற்றி வளைந்து போய் என் மகளைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மற்றவர்கள் அதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. தகட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நான் சரியாகத் தேய்க்காத ஓரம், உள்ளங்கைக்குள் இறங்கியது. ரத்தம் தகடு பூராவும் ஓடியது. ராசு சொன்னதெல்லாம் அப்போது ஞாபகம் வந்து, வெட்கம் இல்லாமல் கத்தினேன், "இந்தா, ரத்தந்தான வேணும், எடுத்துக்க, எம்புள்ளய உடு!" விடவில்லை. என் ரத்தம் அதற்கு வேண்டியிருக்கவில்லை. கைச்சத்தம் மட்டும் நிற்காமல் என் முகத்துக்கு நேரே அடித்தது.

அப்போது சுகன்யா மாட்டிக்கொண்டிருந்த கையையும் எப்படியோ மேலே கொண்டுவந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தகட்டில் வைத்தாள், கன்னத்தையும் வைத்தாள். ஜால்ராவின் அதிர்வை அவர்கள் அப்படித்தான் உடம்போடு அணைத்து அடக்குவார்கள், அன்றைக்குக் காலையில்தான் பார்த்திருந்தேன். வைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"எடுத்தாச்சுக்கா. வண்டிய எடுத்தாச்சு."

சத்தம் நின்றது. தகடு என் கைக்கு வெறும் தகடாக வந்தது. நான் அதோடு மல்லாந்து விழுந்தேன். பின்வரிசையில் எவனோ இரண்டு பேர் கை தட்டினார்கள், இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து. அவர்கள் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்குக் கொலை விழுந்திருக்கும்.

அவளுக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கச்சேரிக்காரர்கள் வந்து ஃபிரேமின் சக்கரம் பூட்டாமல் இருந்திருக்கும் என்றார்கள். அந்த ஃபிரேமைச் செய்தவன் நான். அதில் சக்கரமே கிடையாது.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன், "வண்டிய எடுத்தாச்சுன்னு யாருகிட்ட சொன்ன?"

"நானா? மூச்சே வரல, எங்கப்பா பேசறது?"

அப்போது உண்மையைச் சொன்னேன். தகடு எந்த வண்டியிலிருந்து வந்தது, ராசு என்ன சொன்னான், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"செத்தது யாரு ப்பா?"

"தெரியாது."

"கேக்கலீங்களா?"

"கேக்கல."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உயிரோடு கிடைத்த பிள்ளை மறுபடி கையை விட்டுப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்த முறை அறைந்துகூட இல்லை.

அதனால் தேடிப் போனேன். லாரிக்காரரிடம் சத்தம் போட்டுத்தான் விலாசம் வாங்க வேண்டியிருந்தது. வெண்ணந்தூர். செத்தது ஒரு பெண், முப்பது வயசு, மொபெட்டில் போனவள். அவள் புருஷன் விசைத்தறி ஓட்டுகிறவர். கையில் கட்டோடு போய் நின்றதும் தறியை நிறுத்தினார்.

"வண்டிக்காரருங்களா?"

"இல்லைங்க. பட்டறைக்காரன்."

"ஓ. வண்டிய மறுக்கா ரோட்டுல உடறவரு."

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் சொந்தக்காரர் ஆளை அனுப்பிச் சேவல் அறுத்து, ராசு புதுப் பக்கம் போட்டு, பெயிண்ட் அடித்து, அந்த வண்டி முந்தின நாள்தான் லோடுக்குப் போயிருந்தது. பில் போட்டதும் என் பட்டறைதான். அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அவரே பேசினார். "டிரைவரு ஒதுங்கறன்னு லெஃப்ட்டுல ஒடிச்சுட்டானுங்க. பாலத்துச் சொவத்துக்கும் லாரிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா. அவன் சாவியோட ஓடிட்டான். லோடு வண்டி, ஜனங்க தள்ளிப் பாத்திருக்காங்க, நகரல. வண்டிய எடுங்க, வண்டிய எடுங்கன்னு கையால தகட்ட அடிச்சுக்கிட்டே இருந்தாளாமுங்க. அர மணி நேரம். கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லீங்க. ஜேசிபி வாரதுக்குள்ள அடங்கிட்டா."

மொபெட்டில் கூட இருந்த அவள் பெண் குழந்தை பாலத்துக்கு அந்தப் பக்கம் மணலில் போய் விழுந்து, ஒரு கீறல் இல்லாமல் பிழைத்துவிட்டது. அது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. எடுக்கவே இல்லாத வண்டியை எடுத்தாச்சு என்று என் மகள் சொல்லியிருக்கிறாள், ஒன்றுமே தெரியாமல்.

திரும்பி வந்து சுகன்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள். என் பட்டறையில் இப்போது யார் என்று கேட்காமல் எந்த வண்டியையும் தொடுவதில்லை, அதற்காக இரண்டு வாடிக்கைக்காரர்கள் போய்விட்டார்கள், போகட்டும். இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

போன மாசம் அந்தக் குச்சிக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார், மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து யாரோ போனில் எடுத்தது. தகட்டுச் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்கவில்லை, ஆனால் சுகன்யாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. தகட்டில் கன்னத்தை வைக்கிறாள். உதடு அசைகிறது, நான் கேட்ட அதே வார்த்தைதான். பிறகு காத்திருக்கிறாள். யாரோ ஏதோ கேட்டதைக் காதில் வாங்குகிற மாதிரி. மெதுவாக இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கும், அதற்கு இல்லை என்றிருப்பாள். அப்படித்தான் நான் முடிவு பண்ணி வைத்திருக்கிறேன், அப்படி வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது.

அதற்கப்புறம் இன்னொரு தடவை காத்திருக்கிறாள். இன்னொரு கேள்வி. இந்த முறை தலையை ஆட்டவில்லை. நான் பக்கத்தில் குனிந்து தகட்டை இழுத்துக்கொண்டிருக்கிறேன், எதையும் பார்க்கவில்லை. அவள் தகட்டிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலை நீட்டி, என்னைக் காட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் தகடு விடுகிறது. என்னைத் தட்டி எழுப்பினது யார் என்று கேட்டதா, உனக்குப் பதில் யார் என்று கேட்டதா, அதை மட்டும் நான் முடிவு பண்ணவில்லை.

அந்த வீடியோவை நான் சுகன்யாவுக்குக் காட்டவில்லை. பார்த்தால், என்ன கேட்டது என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்.